நான் திறக்காத மூடி

இன்று காலை பாட்டிலின் மூடியைத் திருகியதும் புஸ்ஸென்று காற்று வெளியேறியது. பின்னாலேயே அந்த வாசனை: பூண்டு, புளிப்பு, மூக்கின் உள்ளே குத்தும் காந்தாரி மிளகாய். இரண்டு முறை தும்மினேன். நீ இருந்திருந்தால் மதிலுக்கு அப்பாலிருந்து சிரித்திருப்பாய்.

பக்கத்து வீட்டில், உன் கொல்லையில் காந்தாரி காய்த்துத் தள்ளிய ஒரு வருடம். பழுத்ததைப் பறித்து, உப்பும் பூண்டும் சேர்த்து அரைத்து, புளிக்க வைத்து சோஸ் செய்தாய். கழக்கூட்டம் ஊரிலுள்ள உன் அலுவலகத்தின் ஓணச் சந்தையில் விற்பதாகத் திட்டம். சாலைக் கடைத்தெருவில் குட்டி பாட்டில்கள்கூட வாங்கி அடுக்கிவிட்டாய். முதல் பாட்டிலை என்னிடம் நீட்டினாய்.

"ஏட்டி, காலேஜ்ல கெமிஸ்ட்ரி எடுக்கது நீயாக்கும். ஒரு வாரம் வச்சிருந்து பாத்துச் சொல்லு. நீ நல்லாருக்குன்னு சொன்னாத்தான் விப்பேன்."

"எவனுக்காவது வயித்தால போச்சுன்னா நான் சாட்சி சொல்ல வரமாட்டேன்."

"உன்னை யாரு கூப்பிட்டா? தெனமும் ஒருக்கா மூடியத் தொறந்து விடணும், கேட்டியா? அதுக்கும் மூச்சு முட்டும்."

அலமாரியில் வைத்தேன். விடைத்தாள் திருத்தும் வாரம். ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் மூடி பிதுங்கி, சிவப்புச் சாறு தட்டெல்லாம் வழிந்திருந்தது. துடைத்துக்கொண்டிருக்கும்போதே நீ வந்து நின்றாய்.

"கெட்டுப்போச்சு. இதையெல்லாம் விக்காதே" என்றேன்.

"நீ தெனமும் தொறந்து விட்டுமா இப்டி?"

நான் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

"சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாய். என் பாட்டிலை நான் மதிலோரம் கொட்டினேன். நீ வீட்டுக்குப் போய், ஜாடியில் இருந்த மிச்சத்தையும் கொட்டினாய். அந்தக் குட்டி பாட்டில்களில் பிறகு கிராம்பும் ஊசியும் பட்டனும் கிடந்தன.

இட்லி மாவு பொங்கி வழிந்தால் கெட்டுவிட்டது என்று யாராவது கொட்டுவார்களா? புளித்தால் வாயு வரும் என்று கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள் நான். என் அலட்சியத்தை மறைக்க, படித்தவள் என்று நீ என்மேல் வைத்த நம்பிக்கையைப் பயன்படுத்திக்கொண்டேன்.

உண்மையைச் சொல்ல இன்னொரு வாய்ப்பும் கிடைத்தது. ஆஸ்பத்திரியில், நீ கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டு, "நாக்குக்கு எரிப்பா ஏதாவது வேணும்ட்டி" என்றாய். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த சோஸ் எப்டிக் கெட்டுச்சு? நான் உப்பைக் கொறச்சுட்டேனோ?" என்று கேட்டாய்.

"இருக்கலாம்" என்றேன். உடம்பு முடியாதவளிடம் எதற்கு அதையெல்லாம் என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீ போய் எட்டு மாதமாகிறது. அந்தச் சமாதானம் இப்போது செல்லவில்லை.

மதிலோரம் என் பக்கத்தில் ஒரு காந்தாரிச் செடி வளர்ந்திருக்கிறது. அன்று கொட்டியதில் முளைத்தது என்று எழுத ஆசைதான். உப்பில் ஊறிய விதை முளைக்காது. உன் செடியில் தின்ற ஏதோ குருவி இங்கே வந்து எச்சமிட்டிருக்கும். அதில் பறித்துத்தான் அரைத்தேன். உப்பு, நீ சொன்ன அதே அளவு. மூன்று வாரமாக, கல்லூரிக்குக் கிளம்பும் முன் மறக்காமல் மூடியைத் திறந்து விடுகிறேன்.

இன்று ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். கண்ணில் நீர் வந்தது. காந்தாரிக்கு வரத்தான் செய்யும்.

உப்பு சரியாக இருக்கிறது. அன்றும் சரியாகத்தான் இருந்தது.