டேஷ்போர்டை மாற்றிவிட்டேன், அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டு அதை அடித்துவிடப் பார்த்தேன். பிறகு, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கடிதம் என்றால் அப்படித்தானே தொடங்க வேண்டும்?

முதலில் செய்தி. வேனின் டேஷ்போர்டை மாற்றிவிட்டேன். சேலத்தில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற கடையில் வாங்கியது. நிறம் கொஞ்சம் வெளுப்பு. ரேடியோ இருந்த இடத்தில் ஓட்டை. ஆனால் விரிசல் இல்லை. நீங்கள் கடைசிவரை கேட்டது அதுதானே?

விரிசல் எப்படி வந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கிற மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மலை ஏறிக்கொண்டிருந்தோம். அப்போது நான் பள்ளிக்கூடம் போகிற பெண், பின்சீட்டில் இருந்தேன். ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி விளிம்புவரை போய்த் திரும்பியது. “ஏனுங்க, கொஞ்சம் மெதுவாப் போங்க, பயமா இருக்குது” என்றாள் அம்மா. அவ்வளவுதான். நீங்கள் வண்டியை ஓரங்கட்டினீர்கள். ஹேண்ட்பிரேக் போட்டீர்கள். அம்மாவின் கொண்டையைப் பூவோடு சேர்த்துப் பிடித்து, முகத்தை டேஷ்போர்டில் மோதினீர்கள்.

பிளாஸ்டிக் உடைந்த சத்தம் என்றுதான் நினைத்தேன். முன்பல்லும் உடைந்திருந்தது. ஹேண்ட்பிரேக் போடுகிற நிதானம் இருந்த மனுஷனுக்குக் கோபத்தில் கை நீண்டுவிட்டது என்று எப்படி அப்பா நம்புவது?

காட்டெருமை குறுக்கே வந்தது, பிரேக் அடித்தேன் என்று ஏற்காடு பூராவும் சொன்னீர்கள். அம்மாவும் அதையே சொன்னாள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. விரிசலை மறைத்து ஒரு முருகன் படம் ஒட்டினீர்கள். நம் வேனில் ஏரிக்கும் வ்யூ பாயின்ட்டுக்கும் வந்த டூரிஸ்ட்டுகள் அதைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அன்றிலிருந்து அம்மா முன்சீட்டில் உட்காரவில்லை.

அப்புறம் உங்களுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. நான் லைசென்ஸ் எடுத்து வேனை ஓட்ட ஆரம்பித்தேன். வாராவாரம் உங்களை சேலத்துக்கு பிசியோதெரபிக்குக் கூட்டிப்போனதும் நான்தான். முதல் வாரமே முருகன் படத்தை உரித்து எடுத்துவிட்டேன். உங்களை முன்சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போட்டேன். துணைக்கு வந்த அம்மா எப்போதும்போலப் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். மலை இறங்கி ஏறும்வரை விரிசல் உங்கள் முகத்துக்கு நேரே இருந்தது.

ஒருநாள் பஜாரில், மெக்கானிக் பழனி அண்ணனின் ஒர்க்‌ஷாப்பில் ஆயில் மாற்ற நிறுத்தினேன். நீங்கள் இடது கையை நீட்டி விரிசலைக் காட்டி, “மா... மா...” என்றீர்கள். மாத்து என்கிறீர்கள் என்று எனக்குப் புரிந்தது. அண்ணனுக்கும் புரிந்தது.

“பின்பக்கம் கம்பி வலை வெச்சு, சூடு காட்டி ஒட்டிப்போடலாங் கண்ணு. மேல பெயின்ட் அடிச்சா தெரியவே தெரியாது. அரை நாள் வேலைதான்.”

“இருக்கட்டுங்கண்ணா. அப்பாவுக்கு அது பழகிருச்சு” என்றேன்.

உங்கள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துண்டை எடுத்துத் துடைத்துவிட்டேன். பக்கத்தில் நின்றிருந்தவர், பொண்ணுன்னா இப்படி இருக்கணும் என்றார்.

நல்ல மழையில் செத்துப்போனீர்கள். செம்மநத்தத்திலிருந்து சொந்தக்காரர்கள் நனைந்துகொண்டே வந்தார்கள். “தங்கமான மனுசன்” என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

கருமாதி முடிந்ததும் டேஷ்போர்டை வாங்கிக்கொண்டு பழனி அண்ணனிடம் போனேன். அவர் ஸ்டியரிங்கைக் கழற்றினார், மீட்டரைக் கழற்றினார், ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பழையதை வெளியே எடுத்து வைத்தபோது என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

“அண்ணா, அன்னிக்குக் காட்டெருமையெல்லாம் வரலீங்க. அது அம்மாவோட தலை.”

“எனக்கு அன்னிக்கே தெரியுங் கண்ணு” என்றார், நிமிராமலே.

“அப்புறம் ஏனுங்கண்ணா ஒரு வார்த்தை கேக்கல?”

“குடும்ப விசயம்... நாம எப்படிக் கேக்கறதுன்னு இருந்துட்டோம்.”

இருந்துட்டோம். அவர் மட்டும் இல்லை போல. எத்தனை பேருக்குத் தெரியும் அப்பா? நம் வேனில் ஏறி உங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்த எத்தனை பேருக்கு?

வேனை வீட்டு முன்னால் நிறுத்தினேன். அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கதவைத் திறந்து பார்த்தாள். புதுசை ஒருமுறை தடவினாள்.

“நல்லாருக்குது கண்ணு.”

“முன்னாடியே மாத்தியிருக்கணும்மா. உனக்காகவாவது.”

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

“முன்னாடியா? அவுரு இருக்கறப்ப நீ இதைய மாத்தியிருந்தா உன்னைய ஊட்டுக்குள்ள சேத்தியிருக்க மாட்டேன் சாமி. வாராவாரம் உன்ற சீட்டுக்குப் பின்னால உக்காந்து அவுரு மூஞ்சியத்தான பாத்துக்கிட்டே வந்தேன். நொம்ப வருசம் கழிச்சு அப்பத்தான் எனக்கு மலையேறுறது சொகமா இருந்துச்சு.”

சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சும்மா உட்கார்ந்திருந்தாள். எங்கேயும் போகச் சொல்லவில்லை.

நான் தனியாகத்தான் செய்கிறேன் என்று நினைத்திருந்தேன் அப்பா. எங்கள் இரண்டு பேரிடமும் மாட்டிக்கொண்டு எப்படித்தான் அந்த மலையை இறங்கி ஏறினீர்கள்? யாரிடம் சொல்லியிருப்பீர்கள்? உங்களுக்கு வாய் இல்லை. அம்மாவுக்கு வாய் இருந்தும் கேட்க ஆள் இல்லை.

உங்களுக்கு ஒரு வாக்கு தருகிறேன். அமாவாசைக்கு அமாவாசை காக்காய்க்குச் சோறு வைப்பேன். அதில் குறை வைக்கமாட்டேன். ஆனால் தங்கமான மனுசன் என்று இனி யாராவது சொன்னால் தலையாட்டமாட்டேன். நடந்ததைச் சொல்வேன். பஸ் ஸ்டாண்டில் சொல்வேன், சேர்வராயன் கோயில் திருவிழாக் கூட்டத்திலும் சொல்வேன். நான் உங்களுக்குச் செய்ததையும் சேர்த்தே சொல்வேன்.

அச்சு அசல் நீங்கள்தான் என்று ஊரே சொல்கிற,
உங்கள் ஒரே மகள்