கூரைக்குக் கீழே ஐந்தாவது ட்ரம்

என்றும் எனக்கு முன்னால் நடந்துபோன என் அண்ணைக்கு,

போன கிழமை உங்கள் ஆட்டைத் திவசம் முடிந்தது. லண்டனில், இல்ஃபோர்ட் வீட்டில்தான் செய்தோம். சனம் அதிகம் இல்லை. உங்கள் ட்ரம் பாண்டிலிருந்து டெஸ்மண்ட் மட்டும் வந்தார். நிலத்தில் இருக்க முழங்கால் விடவில்லை என்று கதிரை கேட்டு வாங்கினார். கத்தரிக்காய்க் குழம்பை இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார். எல்லோரும் போன பிறகு அண்ணி பாத்திரங்களைக் கழுவியபடி சொன்னார்: "இந்த வருசம் நடந்ததுகளை அவருக்கு ஒருக்கா எழுதன், வதனி. நாலு பேர் வாசிக்கட்டும்."

அதனால் எழுதுகிறேன். அழுது எழுத எனக்கு வராது. உங்களுக்கும் அது பிடித்திருக்காது.

வாசிக்கிறவர்களுக்கு உங்களைத் தெரியாது. ஆகவே உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திரும்பச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். அகதியாக வந்த முதல் வருடம், இல்ஃபோர்ட் அறையில் சும்மா இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூங்காப் பக்கம் ட்ரம் சத்தம் கேட்டுப் போனீர்கள். அங்கே ஒரு அணிநடை பாண்ட் பழகிக்கொண்டிருந்தது. ஊரில் பள்ளிக்கூட பாண்டில் அடித்தவன் என்று சொல்ல அப்போது உங்களிடம் ஆங்கிலம் போதாது. கையை நீட்டி அடிகோலைக் கேட்டீர்களாம். கொடுத்தவர் டெஸ்மண்ட்.

அன்றிலிருந்து கிழமை நாட்களில் எலெக்ட்ரீஷியன், ஞாயிறுகளில் ஐந்தாவது பாஸ் ட்ரம். அளவு அளவாக ஐந்து பேர் நெஞ்சில் கட்டிக்கொண்டு நடக்கும் பெரிய ட்ரம்களில் ஆகப் பெரியது உங்களுடையது. பின்னால் நான் வந்தபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். எனக்கு சைட் ட்ரம்.

பாண்டுக்கு வருடம் என்றால் கோடைதான். மைதானத்தில் ட்ரம்பெட்டும் ட்ரம்மும் கொடியும், தெருக்களில் ஊர்வலம், புரட்டாதியில் கடைசிப் போட்டி. பிறகு எல்லாவற்றையும் கட்டி வைத்துவிட்டு வைகாசி வரை தூங்குவார்கள். அந்தத் தூக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் வால்தம்ஸ்டோவில் ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மண்டபத்தை, ஸ்போர்ட்ஸ் ஹோலை, வாடகைக்கு எடுத்து, குளிர்காலமான மாரிக்கென்று ஒரு உள்ளரங்கு ட்ரம் குழு தொடங்கினேன். ஊதும் வாத்தியம் கிடையாது. ட்ரம்களும் மரிம்பா போன்ற கட்டை வாத்தியங்களும்தான். ஹோல் முழுக்க ஒரு பெரிய விரிப்பு. அதன் மேலே ஓடி, திரும்பி, அடித்து, ஒரு கதையைச் சில நிமிடங்களில் சொல்லி முடிக்க வேண்டும். பார்க்கிறவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார்கள்.

நீங்கள் ஒருதரம் எட்டிப் பார்த்தீர்கள். கதவடியில் நின்றபடியே கேட்டீர்கள்: "மழை படாத பாண்டும் ஒரு பாண்டே?"

"வெளியில ஒராள் பிழை விட்டாக் காத்து கொண்டுபோயிடும் அண்ணை. உள்ளுக்கை ஒளிக்க ஏலாது."

"அப்ப நீ சோதினை நடத்து. நான் கோடைக்கு வாறன்."

அவ்வளவுதான் எங்கள் சண்டை. கோபம் இல்லை. கோடையில் உங்களோடு வரிசையில் நான் நடந்தேன். மாரியில் நீங்கள் வீட்டிலிருந்து கால்பந்து பார்த்தீர்கள். உங்கள் மைதானத்து ஆட்கள் பலரும் உங்களைப் போலவேதான். உள்ளரங்கு என்றால் மழைக்குப் பயந்தவர்களின் விளையாட்டு.

போன வருடம் கடைசிப் போட்டி முடிந்து சில நாட்களில், வேலைக்குப் போன வீட்டுப் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டீர்கள். நான் வேலை செய்யும் ஃபார்மசியைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தபோது, அண்ணி நடைபாதையில் உங்கள் வேலைச் சட்டையை மடித்துக்கொண்டு நின்றார். மடித்ததைக் குலைத்துத் திரும்பவும் மடித்தார். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. முதல்நாளே ஏதும் வலி இருந்ததா அண்ணை? யாரிடமாவது சொன்னீர்களா?

கார்த்திகையில் டெஸ்மண்ட் ஃபார்மசிக்கு வந்தார். மருந்து வாங்க வந்தவர்களை முன்னால் விட்டுவிட்டு, கடைசியாக வந்து பேசினார். மைதான பாண்டின் ட்ரம் வரிசை கலைகிறது என்றார். நீங்கள் இல்லாத பிறகு ஒருவரும் மற்றவருக்குப் போன் எடுப்பதில்லை. இரண்டு பேர் வேறு பாண்டுக்குப் போய்விட்டார்கள். வைகாசி வரை பார்த்திருந்தால் கோடையில் நடக்க ஆள் இராது. இந்த மாரிக்கு எங்களை உன் ஹோலுக்குள் எடுப்பாயா என்று கேட்டார்.

உங்கள் ஆட்கள் என்னைத் தேடி வருவார்கள் என்று நான் நினைத்ததேயில்லை. ஓம் என்றேன்.

வந்தார்கள். முதல் நாள் மைதானத்தில் அடிப்பதுபோல் அடித்தார்கள். கண்ணாடிகள் அதிர்ந்தன; பள்ளிக்கூடக் காவலாளி என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். மெதுவாக அடிக்க அவர்களுக்குத் தெரியவில்லை. இத்தனை காலத்தில் மெதுவாக அடி என்று தன்னிடம் ஒருவரும் கேட்டதில்லை என்றார் டெஸ்மண்ட். மார்கழி முழுக்க அதைத்தான் பழகினோம். உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

ஆனால் பாஸ் ட்ரம் நான்குதான் இருந்தது. ஐந்தாவது இல்ஃபோர்டில், உங்கள் கராஜில். அண்ணியிடம் போய்க் கேட்டேன்.

"அதை ஒருத்தரும் தொட வேண்டாம்," என்றார். "அவர் வைச்ச இடத்திலயே இருக்கட்டும். குறை நினையாதை."

நான் வற்புறுத்தவில்லை. இரவல் வாங்கலாம் என்று சிலர் சொன்னார்கள். வாங்கியிருக்கலாம், ஏனோ நானும் வாங்கவில்லை. எங்கள் ஆட்டத்தில் ஓர் இடம் உண்டு: சின்ன ட்ரம்மில் தொடங்கி ஐந்து பேரும் ஆளுக்கொரு அடியாக ஒரு ஓட்டம் கீழே இறங்கும். எங்களுடையது நான்கில் நின்றது. மைதானத்தில் என்றால் யாருக்கும் தெரிந்திராது. கூரைக்குக் கீழே, படியிறங்குகிறவன் கடைசிப் படி இல்லாமல் காலை வைப்பதுபோல் இருந்தது.

தைப்பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி ஹோலுக்கு வந்தார்.

"வீட்டில இருக்க ஏலேல்லை," என்றார். வேறு காரணம் சொல்லவில்லை.

சுவரோர வாங்குப் பலகையில், கோட்டைக் கழற்றாமல் குந்தியிருந்தார். உங்களுக்குத் தெரியும், அண்ணி பாண்டை ஒருநாளும் பார்த்ததில்லை. பிள்ளைகள் சின்னனாக இருந்த காலத்தில் மழைக்கும் குளிருக்கும் காருக்குள்ளேயே இருந்து பழகியவர். பிள்ளைகள் வளர்ந்து போன பிறகும் காருக்குள்தான். மைதானத்தின் மறுகரையில் நீங்கள் அடித்தது அவருக்குக் கேட்டிருந்தால், அடுத்த வீட்டில் யாரோ கதவு சாத்துகிற மாதிரித்தான் கேட்டிருக்கும்.

முழு ஆட்டத்தையும் ஒருதரம் ஓட்டினோம். அண்ணி வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"இதையே அவர் இவ்வளவு காலமும் அடிச்சவர்?"

"ஓம் அண்ணி."

"நெஞ்சுக்குள்ள வந்து இடிக்குது." பிறகு, "ஒரு இடத்தில ஏன் அது பாதியில நிக்குது? நீங்கள் ஆரும் பிழை விட்டனீங்களோ?"

"இல்லை. அது அண்ணையின்ர இடம்."

அண்ணி கார்த் திறப்புக் கோர்வையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். தவறாகச் சொல்லிவிட்டேனோ என்று அந்தக் கிழமை முழுக்க இருந்தது.

அடுத்த ஞாயிறு அவருடைய கார் ஹோல் வாசலில் நின்றது. பின் சீட்டில் உங்கள் ட்ரம், சீட் பெல்ட் போட்டபடி. நானும் டெஸ்மண்டும் இறக்கினோம்.

"பேர் கீர் ஒண்டும் போட வேண்டாம்," என்றார் அண்ணி. "படம் வைக்கவும் வேண்டாம். அடிக்கிறதெண்டால் வடிவா அடிக்கச் சொல்லு."

டெஸ்மண்டிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். நாலாவது ட்ரம்மோடு உங்கள் பக்கத்தில் நின்றவர், உங்கள் இடத்தில் நிற்க மாட்டேன் என்று அதுவரை பிடிவாதமாக இருந்தவர், உங்கள் ட்ரம்மின் தோள்வாரை மாட்டிக்கொண்டார். அவருடைய ட்ரம்மை, மாரியில் வேலையில்லாமல் இருந்த ட்ரம்பெட்காரி ஹன்னா எடுத்துக்கொண்டாள்.

பங்குனியில் போட்டி. லண்டனுக்கு வெளியே ஒரு பெரிய ஹோல். உள்ளரங்குப் போட்டியில் அடிக்கிறவர்களைப் போலவே முக்கியமானவர்கள் விரிப்பை இழுக்கிறவர்கள். முந்தின குழு வெளியேறியதும் ஓடிப்போய் விரித்து, ஆட்டம் முடிந்ததும் மடித்துச் சுமந்து வெளியே கொண்டுபோக வேண்டும். அடிக்கிறவர்களின் வீட்டு ஆட்கள்தான் செய்வார்கள். அண்ணியும் ஒரு மூலையைப் பிடித்தார்.

அவசரத்தில் விரித்ததில் அந்த மூலை சரியாக ஒட்டவில்லை. டேப்பை அழுத்தினால் கிளம்பிச் சுருண்டது. நெஞ்சில் ட்ரம் கட்டியவனுக்குக் கால் தெரியாது. டெஸ்மண்ட் பின்னால் நடந்து வந்து திரும்புகிற இடம் அதுதான். ட்ரம்மோடு என் இடத்தில் நின்ற எனக்கு அந்த நேரத்தில் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. மற்றவர்கள் எல்லோரும் ஓரத்துக்கு ஓடிவிட்டார்கள். அண்ணி ஓடவில்லை. கோட்டோடு முழங்காலில் குந்தி, இரண்டு உள்ளங்கைகளாலும் மூலையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

போட்டிப் பொறுப்பாளர் ஒருவர் வந்து எழும்பச் சொன்னார். அண்ணி தலையை நிமிர்த்தாமல், "நோ," என்றார்.

ஆட்டம் தொடங்கியது. இத்தனை சனத்துக்கு முன்னால், வெளிச்சத்தில், ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் நிலத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அந்த ஓட்டம் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று இறங்கி, அண்ணியின் கைகளுக்குக் கிட்டத்தில் நின்று டெஸ்மண்ட் ஐந்தாவதை அடித்தார். அவருடைய சப்பாத்துக் கால் அந்த மூலையில் திரும்பியது. விரிப்பு அசையவில்லை.

புள்ளி குறைத்தார்கள், விரிப்பில் வெளியாள் இருந்ததாம். கடைசிக்கு முந்திய இடம்தான் கிடைத்தது. ஒருவரும் வாதாடவில்லை.

வெளியே எங்கள் வான் வண்டிக்குப் பக்கத்தில் அண்ணி கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். நோகுதா என்று கேட்டேன்.

"நோவில்லை. இன்னும் அதிருது," என்றார். பிறகு இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். வீடு போகும்வரை வெளியே எடுக்கவில்லை.

மிச்சச் செய்தி இவ்வளவுதான். கோடையில் ட்ரம் வரிசை குறையில்லாமல் மைதானத்தில் நடந்தது. டெஸ்மண்ட் மெதுவாக அடிக்கப் பழகியதால் ட்ரம்பெட்காரர்களுக்குத் தங்கள் சத்தம் முதல்முறையாகக் கேட்டதாம். அவர்களில் ஏழெட்டுப் பேர் இந்த மாரிக்கு உள்ளே வரப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். வெளியா உள்ளா என்று இப்போது ஒருவரும் கேட்பதில்லை. நீங்கள் இருந்திருந்தால் வந்திருப்பீர்களா? எனக்குத் தெரியவில்லை. வந்திருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். அதையும் நான் பிழையாக எடுக்கவில்லை.

விரிப்புக் கோஷ்டிக்கு இப்போது அண்ணிதான் தலைமை. இரண்டு மடங்கு டேப் வாங்கி வைத்திருக்கிறார். அவரைத் தனியே விடமாட்டேன் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். ஆனால் பழகும் ஞாயிறுகளில் எனக்கு முன் வந்து, சோற்றுப் பெட்டியோடு எனக்காகக் காத்திருக்கிறவர் அவர். ஆகவே இதை மட்டும் வாக்காகத் தருகிறேன்: கார்த்திகையில் ஹோல் திறக்கும் முதல் நாள், அண்ணி வரமுன்னம் நான் போய்க் கதவைத் திறந்து, ஹீட்டரைப் போட்டு வைப்பேன்.

வால்தம்ஸ்டோவிலிருந்து,
உங்களோடு கூடப் பிறந்தவள்,
தங்கச்சி வதனி