சிவப்புச் சென்ட்ரல்

ஜூன் 10, புதன்

மழை விட்டு வெயில். மகள் வதனி தைக்கிற இடத்திலிருந்து பெட்டிகள் வந்து வீட்டு முன்னறை நிறைந்துவிட்டது. உள்ளே நீலக் கவுண்கள். அமெரிக்காவில் பள்ளி முடிக்கும் பிள்ளைகள் விழாவில் போடும் நீள அங்கி. சனி காலை விழாவாம். மருமகன் யோகன் வெள்ளி நாலு மணிக்குள் தன் வான் வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எல்லை தாண்டி அமெரிக்காவுக்கு வண்டி ஓடுவது அவனுக்கு இதுதான் முதல் தடவை.

தைக்கிற இடத்து முதலாளி யோகனுக்குப் போனில்: "நேரம் பிழைச்சுதெண்டால் பிறகு இஞ்சாலை வராதையும்."

துணைக்கு நானும். பாஸ்போட், மருந்துக் குளிசை, தொப்பி எடுத்து வைத்தாயிற்று.

ஜூன் 12, வெள்ளி. இரவு, மோட்டல்

விடியக் கிளம்பினோம். இடியப்பம், சம்பல். எல்லையில் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு விட்டார்கள்.

யோகன் வழி பார்க்கிற மப்பைத் தொடவில்லை. "சென்ட்ரல் ஹைஸ்கூல் எண்டு கேட்டால் ஆரும் காட்டுவினம், மாமா." யாழ்ப்பாணத்தில் படித்தவன். அங்கே சென்ட்ரல் என்றால் பஸ்காரனுக்கும் தெரியும். விலாசத் தாள் முன்கண்ணாடிக்குக் கீழே கிடந்து வெயில் காய்ந்தது.

பெற்றோல் அடித்த காஸ் ஸ்டேஷனில் கேட்டான். காசு வாங்கியவள் உடனே கை காட்டினாள். செங்கல் கட்டிடம், மணிக்கூண்டு, வாசலில் சிவப்புக் கொடி. உள்ளே பள்ளிக் கந்தோர் மேசையில் ஒரு பருத்த மனுசி, கழுத்தில் கண்ணாடி தொங்கியது. கவுணைத் தொட்டுப் பார்த்தாள். இல்லையென்று தலையாட்டினாள். யோகனின் முகம் செத்துப்போனது.

"எங்கடை பிள்ளையள் சிவப்பாம், மாமா. உது வேறை ஊர்ச் சென்ட்ரலுக்காம். இந்தப் பக்கத்திலேயே மூண்டு சென்ட்ரலாம்."

மூன்று மணி தாண்டிவிட்டது.

நான் கேட்கச் சொன்னேன்: "ஒரே பேரை வைச்சுக்கொண்டு சண்டை வாறேல்லையோ?"

கேட்டான். மனுசி வயிறு குலுங்கச் சிரித்தாள். "பந்தடிக்கிற விளையாட்டிலை மட்டுமாம்," என்றான் யோகன்.

பிறகு நடந்ததுதான் அதிசயம். எதிராளிப் பள்ளிக்குத் தானே போன் எடுத்து, பூட்ட வேண்டாம் என்றாள். கைப்பையை எடுத்தாள். தன் காரில் ஏறி எங்களுக்கு முன்னால் ஓடினாள். நாங்கள் சிவப்பு விளக்கில் மாட்டினால் அப்பால் ஓரமாக நிறுத்திக் காத்து நிற்பாள். சோளக் காணி, தண்ணீர்த் தொட்டி, ரயில் பாதை, மறுபடியும் சோளம். யாரோ ஒருத்தி. எங்களுக்கு என்ன உறவு?

நீலச் சென்ட்ரல் தட்டைக் கட்டிடம். வாசலில் ஆள் நின்றது. நெட்டைப் பையன் ஒருவன் கவுணைப் போட்டுச் சுற்றிக் காட்டினான். கணுக்கால்வரை அளவு. வதனி பார்த்திருக்க வேண்டும். திரும்பினால் மனுசியின் காரைக் காணவில்லை. பேர்கூடக் கேட்கவில்லை. யோகன் போன் நம்பர் போட்ட தன் விசிட்டிங் காட்டைக் கொடுத்தானாம், அவ்வளவுதான்.

ஜூன் 13, சனி

வீடு. கால் வீக்கம். முதலாளியிடமிருந்து போன் இல்லை. யோகன் சாப்பிடவில்லை. நாலு மணிக்குப் பிந்தித்தான் கொடுத்தோம். இப்போது விழா நடந்திருக்கும்.

ஜூன் 15, திங்கள்

வெக்கை. முடிவெட்டினேன். பின்னேரம் போன். வதனி எடுத்தாள்.

"அப்பா, சென்ட்ரல் ஹைஸ்கூலாம்!"

யோகன்: "நான் இல்லையெண்டு சொல்லும்."

"எந்தச் சென்ட்ரல் எண்டு கேள், பிள்ளை," என்றேன்.

கேட்டாள். "சிவப்பாம். வீட்டை பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்தாச்சோ எண்டு கேக்கிறா. நீலத்துக்கும் எடுத்துக் கேட்டவவாம். ஒரு கவுணும் குறையேல்லையாம், விழா வடிவாய் நடந்ததாம். முதலாளிக்கும் அவையள் சொல்லிப்போட்டினமாம்."

யோகன் கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினான். எழுந்து நின்றுதான் பேசினான்.