அம்மா பூசிய விமானம்

லங்காஸ்டர், கலிபோர்னியா
டிசம்பர் 9

அன்புள்ள மகள் கார்லிஸுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் குளிர் வந்ததும் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டது. நீயும் மாப்பிள்ளை ஹேமிஷும் வயிற்றில் இருக்கிற குட்டியும் நலமென்று உன் கையால் நாலு வரி வந்தால் அதுவும் சரியாகிவிடும். போனிலேயே சொல்லலாமே, ஏன் கடிதம் என்று கேட்பாய். அம்மா பேச்சை எடுத்தாலே நீ போனை வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, மேசையிலேயே கிடந்து உன்னை முறைத்துக்கொண்டிருக்கும், என்றைக்காவது படித்துத்தான் ஆகவேண்டும்.

போன வாரம் அம்மாவின் ஆலையில் அந்தப் புது குண்டுவீச்சு விமானத்தை உலகத்துக்குத் திறந்து காட்டினார்கள், உங்கள் ஊர் செய்தியிலும் வந்திருக்கும். அங்கே வேலை செய்கிறவர்களின் வீட்டாரையும் கூப்பிட்டிருந்தார்கள். அம்மா பத்து நாள் முன்னாலேயே என் கோட்டை எடுத்து வெயிலில் போட்டாள். எங்கே போகிறோம் என்றேன். "ஒரு விசேஷம், வா"ன்னு சொன்னாளே தவிர வேறு ஒன்றும் வாயைவிட்டு வரவில்லை. இத்தனை வருஷம் இவளோடு குடித்தனம் நடத்தி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் எதன்மேலோ எதையோ பூசுகிறாள் என்பதுதான். இந்தப் பள்ளத்தாக்கில் பாதி வீடு இப்படி வேலையை ரகசியமாய் வைத்திருப்பதுதானே, நீயும் இங்கே வளர்ந்தவள்தானே. வாசலிலேயே கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டு உட்காரவிட்டார்கள். பக்கத்து நாற்காலியில் யார் என்று நினைக்கிறாய், நம் எதிர்வீட்டு டெல்பர்ட் புரூயிட்! ஞாயிறு தவறாமல் நம் கொல்லையில் மாட்டிறைச்சி சுட்டுத் தின்றவன், எந்த ஆலையில் என்ன வேலை என்று கேட்டால் துணி துவைக்கிற இயந்திரத்துக்குத் திருகாணி போடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்த ஆள். அம்மாவும் அவனும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "அடப்பாவி, நீயுமா வெர்லீன்"னு அவன் கேட்டான். "திருகாணியெல்லாம் நல்லா இறுகிச்சா"ன்னு அம்மா கேட்டாள். ஒரே விமானத்தின்மேல் வெவ்வேறு கட்டடத்தில் வேலை செய்துவிட்டு, எதிரும் புதிருமாகக் குடியிருந்து, ஒருவருக்கொருவர் மூச்சுவிடவில்லை பார் இந்த ஜனங்கள்!

பொழுது சாய்கிற நேரத்தில் கொட்டகையின் பெரிய கதவுகள் விலகின. உள்ளே நீல வெளிச்சம், நடுவில் துணி போர்த்திய ஒன்று. துணியை இழுத்தார்கள் பாரு கார்லி! வால் கிடையாது, உடம்பு என்று தனியாகக் கிடையாது, எல்லாமே இறக்கைதான். உங்கள் கடற்கரையில் நாம் பார்த்த திருக்கை மீன் மாதிரி தரையோடு படிந்து நின்றது. நிறம் வெளிறிய சாம்பல், நம் ஊர் அதிகாலை வானத்தின் நிறம். எதிரியின் ராடார் எவ்வளவு தேடினாலும் இத்தனை பெரிய சாமானை ஒரு குருவி அளவுக்குக்கூடக் காட்டாதாம், அதற்காக வெளித்தோலில் ஒரு இணைப்பு, ஒரு பிசிறு தெரியக்கூடாதாம். நான் எழுந்து நின்று பார்த்தேன், எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை, வழித்து எடுத்த மாதிரி இருந்தது. எந்தப் பக்கம் உன் கைவேலை என்று அம்மாவின் காதில் கேட்டேன். "பேசாம பாரு ஓரின்"னு சொல்லிவிட்டாள். முன்பக்கத்தை மட்டும்தான் காட்டினார்கள், பின்னால் போய்ப் பார்க்க ஒருவரையும் விடவில்லை. கட்டிய அவளே தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம்தான் நின்றாள், அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. குண்டு போடுகிற சாமானைப் பார்த்து இவ்வளவு பூரிப்பா என்று ஹேமிஷ் கேட்பான், நியாயமான கேள்விதான். ஒரு குண்டும் போடாமலேயே அது கிழடாகட்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொண்டேன். ஆனால் மனுஷக் கை இதைச் செய்தது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குப் புல்லரிக்கிறது.

இனிமேல்தான் விஷயம். திறந்து காட்டிவிட்டதால் இந்த விமானத்தில்தான் வேலை என்று மட்டும் வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று அனுமதி வந்துவிட்டது. உன் கல்யாணத்துக்கு ஏன் வரமுடியவில்லை என்பதை உன்னிடம் சொல்லலாமா என்று அம்மா மேலதிகாரியிடம் கேட்டிருக்கிறாள். அவர் பாதுகாப்பு அதிகாரியைக் கேட்டு, அந்த ஆள் யாரையோ கேட்டு, சொல்லலாம், எந்தக் கருவி என்றும் விமானத்தில் எந்தெந்தப் பகுதியைத் தேடினார்கள் என்றும் சொல்லக்கூடாது என்று வந்ததாம். வண்டியில் திரும்பும்போதுதான் எனக்கே சொன்னாள். உன் கல்யாணத்துக்குக் கிளம்பிய அன்று நான் இரண்டு பெட்டிகளோடு ஆலை வாசலில் வண்டியில் காத்திருந்தேன் அல்லவா. அவள் வரவே இல்லை. நான் வெளியே வராவிட்டால் நீ மட்டுமாவது போய்ச் சேர் என்று முன்பே சொல்லி வைத்திருந்தாள், அதனால்தான் நான் ஒற்றை ஆளாகக் கடல் தாண்டி வந்து உன்னைக் கைப்பிடித்துக் கொடுத்தேன். நீ அம்மா எங்கே என்று கேட்டபோது வேலை என்று சொல்லிவிட்டு உன் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன், எனக்கே அதற்குமேல் தெரியாது.

அங்கே வேலை முடிந்ததும் அவரவர் கருவியைத் தட்டில் அதனதன் குழியில் வைத்துக் காட்டவேண்டும். அன்றைக்கு அம்மாவின் தட்டில் ஒரு குழி காலி. விரல் நீளம்கூட இல்லாத சின்னச் சாமான். அவள் வாயைத் திறந்து சொன்னால் வேலை மொத்தமும் நின்றுவிடும், அது கிடைக்கிறவரை ஒருவரும் வெளியே போகமுடியாது, போனும் கிடையாது. சொல்லாவிட்டால் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. கூட இருந்தவள் ஒருத்தி, உனக்குக் கல்யாணம் என்று தெரிந்தவள், என்னிடம் உபரியாக ஒன்று இருக்கிறது, அதைக் குழியில் வைத்துவிட்டு நீ ஓடு, காலையில் நான் தேடிக்கொள்கிறேன் என்றாளாம். அம்மா கையைத் தூக்கி, கருவியைக் காணோம் என்று சொல்லிவிட்டாள். ஏன்டி அப்படிச் செய்தாய் என்று எனக்குக் கோபம்கூட வந்தது, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அதுல ரெண்டு பேர் உக்காந்து பறக்கப் போறாங்க ஓரின். அந்தப் பசங்களுக்கு நம்ம கார்லிஸ் வயசுதான் இருக்கும். உள்ள எங்கயாவது அது கிடந்து, என்னால ஒரு புள்ளைக்கு ஒண்ணு ஆயிட்டா, நான் கல்யாணத்துல நின்னு எப்படிச் சிரிப்பேன்?"

விமானத்தை அங்குலம் அங்குலமாகத் தேடியிருக்கிறார்கள். கடைசியில் அது விமானத்திலேயே இல்லை. பூச்சு வேலைக்கு ஓரத்தில் ஒட்டுகிற காகிதப் பட்டையை உரித்து உருண்டை உருண்டையாகக் குப்பையில் போடுவார்களே, அதில் ஒரு உருண்டைக்குள் ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது, அம்மாவே உருட்டிப் போட்டது. அத்தனை பேரும் உட்கார்ந்து குப்பையைப் பிரித்து எடுத்தபோது இங்கே மறுநாள் மத்தியானம், அங்கே நான் உன் கையைப் பிடித்து மணமேடைக்கு நடந்துகொண்டிருந்தேன். இதைச் சொல்லிவிட்டு அம்மா அழுதாள், கார்லி. அவளுடைய அப்பா அம்மா செத்தபோதுகூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. கடைசி நேரத்தில் வராமல் ஏமாற்றுவதற்குப் பதில், பிரசவத்துக்கு அவள் வராமலே இருக்கட்டும் என்று நீ போனில் சொன்னாயே, அதை நான் அவளிடம் மழுப்பித்தான் சொன்னேன், ஆனால் அவளுக்குப் புரிந்துவிட்டது. நீ பட்ட வலி பொய் என்று நான் சொல்லவரவில்லை. அம்மா இல்லாத கல்யாணம் அம்மா இல்லாத கல்யாணம்தான், எந்த விமானத்தாலும் அதைச் சரிக்கட்ட முடியாது. ஆனால் அவள் உன்னை மறந்து நிற்கவில்லை என்பதை மட்டும் தெரிந்துகொள்.

நேரத்துக்குச் சாப்பிடு, இரும்புச்சத்து மாத்திரையைத் தவறவிடாதே, சன்னலுக்குச் சாயம் பூசுகிறேன் என்று ஏணியில் ஏறினாய் என்று கேள்விப்பட்டேன், ஹேமிஷுக்கு என்ன கை இல்லையா. குட்டி நல்லபடியாகப் பிறந்து நீயும் அதுவும் நோய்நொடியில்லாமல் இருக்கக் கடவுள் துணையிருக்கட்டும், தினமும் உங்களை நினைத்துத்தான் விளக்கை அணைக்கிறேன்.

என்றும் உன் அப்பா,
ஓரின் டேக்கெட்

உறையில் போடுமுன் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே படித்தாள். இதைச் சொல்லக்கூடாது அதைச் சொல்லக்கூடாது என்று ஏதாவது வரியை அடிப்பாள் என்று பார்த்தேன், ஒன்றையும் அடிக்கவில்லை. பேனாவைக் கேட்டு வாங்கி, இந்த ஒரு வரியை எழுதினாள்:

கார்லி, நான் வரட்டுமா? அம்மா.