அப்பாவின் கை ஏன் எழவில்லை

அன்பு மகளுக்கு,

நீ வேளைக்குச் சாப்பிட்டு, ஒழுங்காகத் தூங்கி, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். நாங்கள் இருவரும் இங்கே நலம் என்று எழுதினால் அதில் பாதி பொய்யாகிவிடும், அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். பதறாதே, உயிருக்கு ஆபத்தில்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதம் மூன்று வாரம் முன்பே வந்திருக்க வேண்டியது. போனில் சொல்ல மூன்று தடவை வாயெடுத்தேன், மூன்று தடவையும் அப்பா பேச்சை மட்டும் எடுக்காதம்மா என்று நீ வெட்டிவிட்டாய். உன்மேல் தப்பில்லை. நான் உன் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

ஆறு வாரத்துக்கு முன் நீ வீடியோவில் கூப்பிட்டது நினைவிருக்கிறதல்லவா. வேலைக்காக அவ்வளவு தூரம் போகக் கூடாது என்று அவர் சொன்னதையும், நீ கிளம்பிய அன்று வழியனுப்ப வராமல் சலூனிலேயே உட்கார்ந்துகொண்டதையும் மறந்து, நீயாக இறங்கி வந்து, கோவம் போயிடுச்சுன்னா ஒரே ஒரு தடவை கையை ஆட்டுங்கப்பா, இல்லேன்னா இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன் என்றாய். அவர் கை காதுவரை போனது, அங்கேயே நின்றது, மடியில் விழுந்தது. எழுந்து உள்ளே போய்விட்டார். நீ போனை வைத்துவிட்டாய். நான் அவர் பின்னாலேயே போய்ப் பெற்ற பெண்ணிடம் இவ்வளவு வீம்பு ஆகாது என்று கத்தினேன். ஆட்டத்தான் பாத்தேன், கை கேக்கலடி என்றார். கை கேக்கலையா மனசு கேக்கலையா என்று நான் கேட்டேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. எதற்கும் விளக்கம் சொல்லாத அவருக்கு நாமிருவரும் கல்லுளிமங்கன் என்று பேர் வைத்துச் சிரித்தவர்கள்தானே. அதற்கும் ஒரு வாரம் முன்பிருந்தே சட்டைப் பொத்தான் போடாமல் நின்றார், பல் தேய்க்கச் சொன்னால் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடியையே பார்த்தார். நீ போன கோபத்தை என்மேல் காட்டுகிறார் என்றுதான் எண்ணினேன். வேறு வீடாக இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்பார்கள். நம் வீட்டில் அவர் எதையாவது செய்யாமல் நின்றால் அதற்கு ஒரே காரணம்தான் நமக்குத் தெரியும்.

பிறகு ஒரு நாள் காலை நம் சலூனில் கண்ணாடிக் கடைக்காரருக்குத் துண்டு போர்த்தி முடி வெட்ட நின்றிருக்கிறார். கத்தரியை எடுத்து அதாலேயே தலையை வாரியிருக்கிறார். உன் சித்தப்பா பக்கத்து நாற்காலியிலிருந்து என்னண்ணே புது ஸ்டைலா என்று கேட்க, கடையே சிரித்திருக்கிறது. அப்பா சிரிக்கவில்லை, நெற்றியெல்லாம் வேர்த்திருந்ததாம். அதைப் பார்த்த பிறகுதான் சித்தப்பாவுக்கு உறைத்தது. கத்தரியை மெதுவாகக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, பாதி வெட்டின தலையோடு அந்த மனிதரை உட்கார வைத்துவிட்டு, நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். ஸ்கேன் எடுத்ததில் மூளையின் இடது பக்கம் சின்னதாக ஒரு அடைப்பு, வந்து சில வாரம் ஆகியிருக்கும் என்றார்கள். நரம்பு டாக்டர் ஒரு அம்மா, என் வயசுதான் இருக்கும். விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார், அப்பா நன்றாகவே பிடித்தார். தலை வாருகிற மாதிரி காட்டுங்கள் என்றார். முப்பது வருஷமாக ஊரார் தலையெல்லாம் வாரின கை, கண்ணு, முஷ்டியை மடக்கித் தன் தலையில் இரண்டு தட்டுத் தட்டியது. அவரே அதைத் தப்பு என்று தெரிந்து கையைக் கீழே இறக்கிக்கொண்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு ஈ அவர் மூக்கில் உட்கார, அதே கையால் பட்டென்று விரட்டினார். பார்த்தீங்களா, இதுக்குப் பேர்தான் அப்ராக்ஸியா என்றார் டாக்டர். கையில் பலம் இருக்கிறது, சொல்வது புரிகிறது, செய்ய ஆசையும் இருக்கிறது, ஆனால் எதற்குப் பின் எது என்று கைக்குச் சொல்லித்தருகிற இடத்தில் அடிபட்டிருக்கிறது, தானாக வரும்போது வருவது, செய்யென்று யாராவது சொன்னால், ஏன் அவரே முனைந்தாலும், வராமல் போகும் என்றார். அப்ப இது வீம்பு இல்லையா டாக்டர் என்று கேட்டேன். தாவரவியலில் பட்டம் வாங்கியவள் கேட்கிற கேள்வியா அது. வீம்பு பிடிக்கிறவங்களுக்கு இப்படி வேர்க்காதும்மா என்றார்.

வீட்டில் இப்போது எல்லாம் மாறிவிட்டது. குளியலறையில் பிரஷ் ஒன்றைத் தவிர வேறெதையும் கண்ணில் படுகிற மாதிரி வைப்பதில்லை. பயிற்சி தருகிற பெண் வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறாள், பொத்தானை அவர் கைமேல் தன் கையை வைத்துச் சேர்ந்தே போடுகிறாள், ஒவ்வொரு தடவையும் கீழிருந்து மேலே அதே வரிசையில். நான் முன்பெல்லாம் பக்கத்தில் நின்று அதை விடுங்க, இதைப் பிடிங்க, இன்னும் மேலே என்று சொல்லிக்கொண்டே இருப்பேன், அதுதான் அவரை இன்னும் குழப்புமாம், வார்த்தையைக் குறைக்கச் சொல்லிவிட்டாள். இவ வாயை மூடுறதுதான் எனக்கு வைத்தியம்னு ஆயிடுச்சு என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார் அப்பா. மூன்று வாரத்தில் அவர் அடித்த ஒரே ஜோக் அதுதான். எவ்வளவு திரும்பி வரும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. நிறைய வரலாம், சவரக் கத்தியைப் பற்றி இப்போது கேட்காதீர்கள் என்றார். அவரும் கேட்கவில்லை. ஆனால் உன் போன் வந்தால் மட்டும் பக்கத்து அறையில் மூச்சுக் காட்டாமல் நின்று கேட்கிறார். தான் எடுத்தால் மறுபடியும் கையை ஆட்டச் சொல்வாயோ, மறுபடியும் அது வராமல் போய்விடுமோ என்று பயம். நானே சொல்லிடட்டுமா என்று கேட்டேன், வேணாம், பாவம்னு நெனச்சு அவ பேச வேணாம் என்றார். அவர் பேச்சைத் தட்டிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கோபம் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பதைவிட அவர் என்மேல் கோபப்படுவது மேல்.

வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே, அப்படி நீ வந்து நின்றால் அவர் உடைந்துபோவார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அழுது தொலைக்காதே. எதையும் செய்து காட்டச் சொல்லாதே, கையைப் பற்றிக் கேட்காதே, பேச்சு நன்றாகவே வருகிறது, உன் ஆபீஸில் நடக்கிறதைச் சொல்லி அவரைத் திட்ட விடு. அந்த மேனேஜரைப் பற்றிச் சொன்னால் போதும், அரை மணி நேரம் ஓடும். உனக்கும் அடிக்கடி தலைவலி என்கிறாயே, மாத்திரை போட்டுச் சமாளிக்காமல் ஒரு தடவை பிரஷர் பார்த்துக்கொள், இதை நினைவூட்டலாக அல்ல, உத்தரவாகவே எடுத்துக்கொள். பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றவள், உன்னோடு சேர்ந்தே வளர்ந்தவள், தப்பும் உன்னோடு சேர்ந்தே செய்திருக்கிறேன். நீ எங்கிருந்தாலும் உன் கையும் காலும் நெஞ்சும் நீ சொன்னபடி கேட்டு நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.

இதை மடிக்கப் போகும்போது வந்து, யாருக்கு என்று கேட்டார். பொய் சொல்ல வரவில்லை, சொல்லிவிட்டேன். எதிரே உட்கார்ந்து பேனாவை வாங்கிக்கொண்டார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கால் மணி நேரம் ஆனது. அடியில் தெரிகிற அந்த வளைந்த கோட்டைப் பேனா கசிந்தது என்று நினைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா,
அப்பாவும்.