நீலம் பூசிய இடம்

அன்பு மகள் பூங்கோதைக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அப்பா சுகம், கறவை மாடு சுகம், ஆறு ஒன்றுதான் சுகமில்லாமல் கிடக்கிறது. அந்த மலைக்குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்று உடனே எழுது. போன கடிதத்தில் சளி என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வரியில் யானையைப் பற்றிப் போய்விட்டாய், யானை எனக்கு எதற்கு, சளி தீர்ந்ததா இல்லையா. தலைக்குக் குளித்தால் ஈரம் போகத் துவட்டு, கொசுவலையை மடித்துப் பெட்டியில் வைக்காமல் கட்டிக்கொண்டு படு, அதைக் கட்டத்தான் வாங்கிக் கொடுத்தோம்.

ஊர்ச் சேதி என்றால், இந்த வருடம் பதினெட்டாம் பெருக்குக்கு வாய்க்காலில் கணுக்கால் நனையவில்லை. காப்பரிசியும் கருகமணியும் எடுத்துக்கொண்டு போன பெண்கள் எல்லாம் மணலில் நின்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துச் சிரித்துவிட்டு, கைப்பம்பில் ஒரு குடம் அடித்து ஊற்றி அதையே காவேரி என்று கும்பிட்டுவிட்டு வந்தோம். நம் வயலில் உன் அப்பா குறுவை போடாமல் சம்பாவுக்கு விட்டுவிட்டதால் தப்பித்தோம். உன் துரைராசு சித்தப்பாதான் மேட்டூர் திறந்த சேதியை ரேடியோவில் கேட்டதுமே நாற்று விட்டு நட்டார். நட்டதோடு சரி. முறைத் தண்ணீர் மேலேயே தீர்ந்துவிடுகிறது, நம் கடைமடைக்கு வருவது ஈரம் மட்டும்தான். வயல் வெடித்துக் கிடக்கிறது, அவர் தினமும் போய் வரப்பில் உட்கார்ந்துவிட்டு வருகிறார். பார்க்கவே வயிறு எரிகிறது.

நீ எழுதியதைப் படித்து நானும் அப்பாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆற்று ஆய்வுக்கு மலைச்சனங்களின் கருத்தைக் கேட்க வேண்டும், அவர்களை எப்படிக் கூட்டத்துக்கு வரவழைப்பது என்று நீ திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும், ஆனால் ஜீப் சத்தம் கேட்டாலே அந்த ஊராளிச் சனங்கள் அத்தனை பேரும் வீட்டைப் போட்டுவிட்டுக் காட்டுக்குள் போய்விடுகிறார்கள் என்று எழுதியிருந்தாயே. பின்னே என்னடி செய்வார்கள், ஜீப்பில் வந்து யார் அவர்களுக்கு நல்லது சொல்லியிருக்கிறார்கள். நம்மைக் குத்தகையை விட்டு இறக்க மிராசுதார் கோர்ட்டு ஆமீனோடு ஜீப்பில் வந்த வருடம் உன் அப்பா எங்கே இருந்தார் என்று நினைக்கிறாய், அமிர்தலிங்கம் வாழைக்கொல்லையில் பதுங்கிக்கொண்டிருந்தார். இப்போது கட்சி மேடையில் ஏறினால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அந்தக் கதையை வேறு மாதிரி சொல்கிறார், நானும் சபையில் விட்டுக்கொடுப்பதில்லை. நீ ஜீப்பைக் கீழேயே விட்டுவிட்டு நடந்து போய் அந்த ஊராளிப் பெண் மாதம்மா வீட்டில் தங்கியதும், அவள் களி கிண்டிப் போட்டதும் எனக்கு நிரம்பச் சந்தோஷம். சளிக்கு மிளகுரசம்கூட அவள்தான் வைத்துக் கொடுத்தாள் என்று எழுதியிருந்தாய். பெற்ற எனக்கு அந்த ரசம் என்ன ருசி என்று தெரியாது, ஆனால் அவளை நினைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன்.

இனிமேல் சொல்லப்போவதைக் கவனமாகப் படி. உன் ஆய்வுக்காரர்கள்தான் போன வாரம் இங்கேயும் வந்தார்கள். அமிர்தலிங்கம் அரிசி ஆலைக் களத்தில் பந்தல் போட்டு, விவசாயிகள் கருத்தைக் கேட்கிறோம் என்று கூட்டம். விவசாயி என்றால் நிலம் வைத்திருப்பவர் மட்டும்தான் போலிருக்கிறது, நடவாட்கள் எல்லாம் மதிலுக்கு வெளியே நின்றார்கள். உன் அப்பா போய் ராமாயியையும் அவள் தெருக்காரர்களையும் உள்ளே கூட்டிவந்து முன்னால் உட்காரவைத்தார். அதற்கே இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள், போகட்டும். ஒரு இளம் அதிகாரி பெரிய படம் ஒன்றை மாட்டி, மலையிலிருந்து இறங்கிவந்து காவேரியில் சேரும் காட்டாறு ஒன்றைக் காட்டி, இங்கே அணை கட்டினால் உங்களுக்கு ஆடியில் தண்ணீர்த் தட்டுப்பாடு வராது, வேண்டும் என்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். பந்தலே கையாகிவிட்டது. துரைராசு இரண்டு கையையும் தூக்கினார். ராமாயி, தண்ணி இல்லாட்டி எனக்கு நடவு ஏது, நடவு இல்லாட்டி சோறு ஏது என்று சொல்லிக்கொண்டே தூக்கினாள். நானும் தூக்கினேன் பூங்கோதை. துரைராசு வயல்தான் என் கண்ணில் நின்றது.

கையைத் தூக்கிக்கொண்டே அந்தப் படத்தைப் பார்த்தேன். தண்ணீர் நிற்கப்போகும் இடம் முழுக்க நீலம் பூசி, பக்கத்தில் ஒரு ஊர்ப் பெயர் எழுதியிருந்தது. உன் கடிதத்தின் மேல்மூலையில் நீ எழுதுகிற அதே பெயர். மாதம்மாவின் ஊர். எல்லோரும் கையை இறக்கிவிட்டார்கள், என் கை இறங்கவில்லை. அந்த அதிகாரி, கைய எறக்குங்கம்மா, எண்ணியாச்சு என்றார். அது அந்தக் கை சார், இது கேள்வி கேக்குற கை என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த நீலத்துக்கு அடியில மாதம்மா வீடு இருக்கா சார் என்று கேட்டேன். யாரு மாதம்மா என்றார். அங்க இருக்கவங்கள கேட்டீங்களா என்றேன். அது தனிக் கூட்டம், பிறகு நடக்கும் என்றார். எங்க கைய எண்ணி முடிச்சப்புறம் அவங்கள என்னத்தக் கேப்பீங்க என்றேன். 

அவ்வளவுதான், துரைராசு எழுந்துவிட்டார். அண்ணி, எம்பயிர் காயிது, உங்களுக்கு மலைமேல சொந்தமா இருக்கு என்றார். ஆமா தம்பி, எம்பொண்ணு அவ வீட்டுலதான் சாப்புடுறா என்றேன். ஒங்க பொண்ணுக்குச் சோறு போட்டா எங்க வயலுக்கு யாரு தண்ணி ஊத்துறது என்று கத்தினார். எனக்கும் கோபம் வந்துவிட்டது. ஆமீன் வந்தன்னைக்கி ஏர்மாட்டுக்கு முன்னாடி படுத்துக்கிட்டு, எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களான்னு கத்துனது யாரு தம்பி என்றேன்.  அவர் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து, அதுவும் நெசந்தான், ஆனா இதுவும் நெசம், அந்தப் பயிருக்கு நான் என்னத்தச் சொல்றது என்றார். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏனென்றால் அவர் சொன்னதும் சரிதான்.

அப்புறம் உன் அப்பாதான் எழுந்து, அவுங்கள இங்க வரவழைக்க முடியாதுன்னா நாங்க அங்க போறோம், ரெண்டு பக்கமும் உக்காந்து பேசுன பொறவு எண்ணிக்கிங்க என்றார். அதுவரை இந்தக் கை எண்ணிய கணக்கை மேலே அனுப்புவதில்லை என்று அந்த அதிகாரி சொல்லியிருக்கிறார், எனக்கு நம்பிக்கை பாதிதான். ஆவணி பிறந்ததும் கிளம்பலாம் என்று பேச்சு. இப்ராஹிம் பாய் தன் வேனைத் தருகிறார். ராமாயி வருகிறாள், குளிருக்கு என்ன போட்டுக்கொள்வது என்று இப்போதே கவலைப்படுகிறாள். உன் அப்பா வேனில் கட்சிக்கொடி கட்டவேண்டும் என்கிறார், கொடியைப் பார்த்தால் மறுபடியும் அத்தனை பேரும் காட்டுக்குள் போய்விடுவார்கள் என்று அதட்டி வைத்திருக்கிறேன். துரைராசு என்னோடு பேசாமலே இருந்தார். நேற்றுத்தான் வாசலில் வந்து நின்று, நானும் வர்றேன், தண்ணி கேக்கத்தான் வர்றேன், விட்டுக்குடுக்க வரல என்றார். சரி வாங்க என்றேன். போகும்போது திரும்பிப் பார்த்து, அந்தச் சனங்க அரிசி சாப்புடுமா என்று கேட்டார்.

நீ செய்யவேண்டியது இதுதான். இதை உன் மேலதிகாரியிடம் கொண்டுபோகாதே, பந்தலும் நாற்காலியும் வேண்டாம். முதலில் மாதம்மாவிடம் போய்ச் சொல், அவள் தன் சனங்களிடம் சொல்லட்டும். வருகிறவர்கள் இன்னார் என்று மறைக்காமல் சொல். அவர்கள் ஊரில் அணை வேண்டும் என்று கை தூக்கியவர்கள், அதில் உன் அம்மாவும் ஒருத்தி என்று சொல். கேட்டு அவள் கோபித்தாலும் சொல்.

எல்லா நலமும் பெற்று நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும், நாங்கள் கும்பிடுகிற காவேரித் தாயும் அவர்கள் கும்பிடுகிற மலைச்சாமியும் சேர்ந்தே உன்னைக் காப்பாற்றட்டும். வேளாங்கண்ணிக்கும் மெழுகுவர்த்தி வேண்டிக்கொண்டிருக்கிறேன், சளி நின்றால் எழுது. அந்தச் சனங்கள் சொல்லும் பதிலை மறுதபாலில் போடு. அதுவரைக்கும் வேன் கிளம்பாது. அவுங்க வராதீங்கன்னு சொல்லிட்டா என்ன பண்றது அண்ணி என்று துரைராசு கேட்டார். நாம கேட்டதுக்கு அவுங்க சொன்ன மொத பதில் அதுதான்னு அந்த அதிகாரிகிட்ட எழுதிக்குடுத்துட்டு வயலுக்குப் போகவேண்டியதுதான் தம்பி என்றேன். அவர் தலையாட்டினார்.

இப்படிக்கு,
மறுதபாலுக்குக் காத்திருக்கும் உன் அம்மா
வை. தங்கமணி