ரத்தம் வந்த வண்டி

மார்ச் 4

என் வாலுத் தங்கைக்கு,

நேரில் வந்து பேசினாலும் போனில் பேசினாலும் உனக்கு இரண்டு நாள் படுக்கை, திரையைப் பார்த்தால் கண் கூசும். ஆகவே பேனாவும் தாளும். கொட்டை எழுத்தில் எழுதுகிறேன், கேலி செய்யாதே.

விஷயத்துக்கு வருகிறேன். அகப்பட்டுவிட்டது. நாலு வருஷமாக எங்கள் ஆய்வுக்கூடத்தில் தேடிக்கொண்டிருந்தது அகப்பட்டுவிட்டது. உன்னைப் போலத் தீராச் சோர்வு நோய் உள்ளவர்களின் ரத்தத்தில் ஒரு பொருள், நலமாக இருப்பவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கிறது. முப்பத்துநாலு பேரில் முப்பத்தொரு பேருக்கு. எங்கள் துறைத் தலைவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அவருக்கே வாயெல்லாம் பல். மே மாதம் கட்டுரை அச்சுக்குப் போகிறது.

"எல்லாம் மனசுதான், தினமும் கொஞ்சம் நடங்க" என்று உன்னைத் திருப்பி அனுப்பிய டாக்டர்களின் மேஜையில் இதை வைக்கலாம். உனக்கு நோய் வந்த முதல் வருஷம் நானும் அந்தக் கட்சிதான். முகத்தைக் கழுவிக்கொண்டு எழுந்து வா, எல்லாம் சரியாகிவிடும் என்றேன். அப்படிப் பேசியதற்கு இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

கடைசித் தொகுதிக்கு உன் ரத்தமும் வேண்டும். நர்ஸ் வீட்டுக்கே வருவார். அம்மா கதவைத் திறந்துவிட்டால் போதும்.

உன் அண்ணன்

மார்ச் 23

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை அம்மா மூன்று முறை படித்துக்காட்டினாள். மூன்றாவது முறை முடிக்க முடியாமல் அழுதுவிட்டாள். நானும்தான். ஏழு வருஷம், அண்ணா. எனக்கு வந்திருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதியிருக்கிறது.

இந்தக் கடிதத்தை எட்டு நாளாக எழுதுகிறேன். ஒரு நாளைக்கு நாலு வரி, பென்சிலில், படுத்தபடி. பாதியில் கோபித்துக்கொள்ளாமல் முழுதும் படி.

நர்ஸ் வந்தார். தங்கமான மனுஷி, ஊசி குத்தியதே தெரியவில்லை. மணி ஒன்பது பத்து. ட்யூபை ஐஸ் பெட்டியில் வைத்தார். நேரே அண்ணனிடம்தானே போகிறீர்கள் என்று கேட்டேன். "எங்கேம்மா, இன்னும் அஞ்சு வீடு இருக்கு. போய்ச் சேர மத்தியானம் ரெண்டு மணி ஆயிடும்" என்றார். நலமாக இருப்பவர்களுக்கும் இப்படி அலைகிறீர்களா என்றேன். சிரித்தார். "அவங்கதான் நடந்தே வந்துடுவாங்களே. கீழ ரத்தம் எடுக்கற ரூம், மேல லேப். அஞ்சு நிமிஷ வேலை."

படுக்கையில் விழும்வரை நான் ஒன்பது வருஷம் தபால் ஆபீசில் தபால் பிரித்தவள். ஒரே நாளில் போட்ட இரண்டு உறைகளில் ஒன்று நனைந்து வந்தால், அனுப்பியவரை யாரும் சந்தேகப்பட மாட்டோம். எந்த வண்டியில் வந்தது என்றுதான் கேட்போம். எங்கள் ரத்தம் ஐந்து மணி நேரம் வண்டியில் சுற்றியது. அவர்களுடையது மாடிப்படி ஏறியது. நீங்கள் கண்டுபிடித்தது நோயையா, வண்டியையா?

தப்பாகக் கேட்டிருந்தால் திட்டு. நான் சொல்வது தப்பாக இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.

உன் தங்கை

மார்ச் 29

தங்கைக்கு,

பெட்டியில் ஐஸ் இருக்கிறது. சோதனை முறை எங்கள் தலைவர் வகுத்தது, இரண்டு பேர் சரிபார்த்தது. நான் பதினாறு வருஷமாக இதே வேலையில் இருக்கிறேன். ரத்தம் தபால் இல்லை. இதையெல்லாம் போட்டு மனதைக் குழப்பி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. ஓய்வெடு. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

அண்ணன்

ஏப்ரல் 8

அண்ணனுக்கு,

அம்மாவின் முழங்கால் நன்றாக இருக்கிறது. எனக்குத்தான் உடம்பெல்லாம் கோபம்.

முதல் வருஷமும் நீ இப்படித்தான் அடித்துச் சொன்னாய். அப்போது எனக்கு வாதாடத் தெம்பில்லை. இப்போதும் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். இது தப்பென்று நாளைக்கு வேறு யாராவது காட்டினால் என்ன ஆகும்? ஒன்றுமே இல்லை என்று அப்போதே சொன்னோமே என்பார்கள். பிறகு உண்மையே கிடைத்தாலும் எங்களை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உனக்குப் போவது ஒரு கட்டுரை.

உனக்கு நோய் இல்லையே. உன் ரத்தத்தை இரண்டு ட்யூபில் எடு. ஒன்றை மாடிக்கு அனுப்பு. மற்றதை நர்ஸின் பெட்டியில் வைத்து ஊர் சுற்றிவர அனுப்பு. இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

தங்கை

ஏப்ரல் 26

என் தங்கைக்கு,

நான்கு பேர் ரத்தம் கொடுத்தோம். நான், மாணவர்கள் இருவர், தினமும் இருபது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வேலைக்கு வரும் எங்கள் காவலாளி. மாடிக்குப் போன ட்யூபில் நலமானவர்களின் அளவு. சுற்றி வந்த ட்யூபில் நோயாளிகளின் அளவு. நான்கு பேருக்கும் அப்படியே. காவலாளிக்குத்தான் எல்லாரையும்விட அதிகம். எங்கள் கட்டுரைப்படி அந்த மனிதர் எழுந்து நிற்கவே கூடாது.

ட்யூபுக்குள்ளும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. இயந்திரத்தில் சுழற்றி அணுக்களைப் பிரித்தெடுக்கும்வரை அவை அந்தப் பொருளை வெளியே விட்டுக்கொண்டே இருக்கின்றன. ஐஸ் அதைக் குறைத்தது, நிறுத்தவில்லை. நோயாளிகளை அலையவிடக் கூடாது என்று இரக்கப்பட்டுத்தான் வீடு தேடிப் போனோம். அந்த இரக்கமே ஆய்வுக்கூடத்தில் எங்கள் ஆறு பேரின் கண்ணையும் மறைத்துவிட்டது.

தலைவரிடம் போய்ச் சொன்னேன். என் கையிலிருந்த தாளை வாங்கி இரண்டு முறை பார்த்தார். பிறகு, "கட்டுரையை நிறுத்திடுங்க. முதல்ல இருந்து பண்ணுவோம்" என்றார். அவர் தாங்கிக்கொண்டார், எனக்குத்தான் முடியவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். காரணம் கிடைத்துவிட்டது என்று உன் கையில் கொடுத்துவிட்டு நானே பிடுங்கிக்கொள்கிறேன். வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. மன்னித்துவிடு.

உன் அண்ணன்

மே 15

அண்ணா,

பத்து நாள் நானும் அழுதேன். போதும். முகத்தைக் கழுவிக்கொண்டு எழுந்து வா. உன் விஷயத்தில் இந்த வைத்தியம் பலிக்கும்.

நலமானவர்களின் வீட்டுக்கும் நர்ஸ் போகட்டும். சுழற்றும் இயந்திரத்தை வண்டியிலேயே ஏற்றுங்கள். ஒவ்வொரு ட்யூபுக்கும் எடுத்த நேரம், சுழற்றிய நேரம் இரண்டையும் எழுதட்டும். எண் மட்டும் போதும், யாருடையது என்று வேண்டாம். எத்தனை நிமிடம் தாண்டினால் ஒதுக்குவது என்று இப்போதே எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள், பிறகு மனம் மாறாமல் இருக்கும். அந்த நேரத்தாள்களை எனக்குத் தபாலில் அனுப்பு. ஒரு நாளைக்கு ஐந்து வரி என்னால் பார்க்க முடியும். தாமதமானதை நான் கோடு போட்டு அடிக்கிறேன். உங்கள் யாரையும் நம்பி விடுவதாக இல்லை.

தங்கை

நவம்பர் 30

எங்கள் கண்டிப்பான மேற்பார்வையாளருக்கு,

எண்பது வீடும் முடிந்தது. நோயாளிகள் நாற்பது, நலமானவர்கள் நாற்பது. எல்லாம் உறைபெட்டியில் இருக்கிறது. நீ கடைசித் தாளைத் திருப்பி அனுப்பியதும் சோதனை தொடங்கும். தலைவர் தினமும் இரண்டு தடவை, தங்கையிடமிருந்து தபால் வந்ததா என்று கேட்கிறார்.

ஒன்று கேட்பேன், எரிந்து விழாதே. அந்தத் தாளில் ஒரு ட்யூப் நாற்பத்தெட்டு நிமிடம். நம் எல்லை முப்பது. உங்கள் தெருவைத் தோண்டிப் போட்டிருந்ததால் வண்டி எங்கோ தள்ளி நின்றது என்று நர்ஸ் சொன்னார். அது உன்னுடையது. அந்த ஊசிக்குப் பிறகு பன்னிரண்டு நாள் உன்னால் தண்ணீர் டம்ளரைக்கூடத் தூக்க முடியவில்லை என்று அம்மா சொன்னாள். மறுபடியும் உன் கையை நீட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உன்னை விட்டுவிடவும் முடியாது. கட்டிலை விட்டு எழ முடியாதவர்கள் உன்னையும் சேர்த்து நாற்பதில் ஆறே பேர்.

பதினெட்டு நிமிடம்தானே. அதை மட்டும் அடிக்காமல் விட்டுவிடு. யாருக்கும் தெரியப்போவதில்லை.

உன் அண்ணன்

டிசம்பர் 9

அண்ணா,

கடைசித் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். மொத்தம் எண்பதில் நான்கை அடித்திருக்கிறேன். இந்தத் தாளில் முதலில் அடித்தது என்னுடையது, எடுத்த நேரத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உன் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது.

நீ பாசத்தில் எழுதினாய், எனக்குத் தெரியும். படித்ததும் உன்மேல் கோபமே வரவில்லை, அழுகைதான் வந்தது. ஏழு வருஷத்துக்கு முன் இவ்வளவு பாசம் எனக்குப் போதுமாக இருந்திருக்கும். இப்போது போதாது. எனக்கு ஏன் இப்படி ஆனது என்று எனக்குத் தெரிய வேண்டும். அந்தப் பதினெட்டு நிமிடத்தை உள்ளே விட்டால், வரும் முடிவை நானே நம்ப மாட்டேன்.

இந்தத் தடவையும் ஒன்றும் அகப்படாமல் போகலாம். போகட்டும். இது இல்லை என்பதாவது நிஜமாகத் தெரிந்தால் வேறொன்றைத் தேடலாம். அதற்கு நீ இருக்கிறாய், நானும் இருக்கிறேன்.

மற்ற மூன்று பேரிடமும் மறுபடியும் வருவதற்குச் சம்மதம் கேள். யாரையும் வற்புறுத்தாதே. பன்னிரண்டு நாள் படுப்பது என் பாடு, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், மறுநாள் சரி என்றாள்.

தெருவை மூடிவிட்டார்கள், வண்டி வாசலிலேயே நிற்கலாம். செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு நர்ஸை அனுப்பு. இந்தத் தடவை இடது கை.

உன் தங்கை